பொடிசின் கை போகும் அளவு

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதி எழுதிக் கிழித்தது போக மிஞ்சிய தாளில் இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொடிசு மடியில் தூங்குகிறாள், அசைந்தால் எழுந்துவிடுவாள்.

போனை எடுக்க மாட்டேன் என்று உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டீர்களாம். "அக்கா எடுக்காதுன்னா எடுக்காது. நீ வேணா எழுதிப் போட்டுப் பாரு" என்கிறார், ஏதோ குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனுப் போடச் சொல்வதுபோல. கட்டிய மனைவி, கூடப் பிறந்த அக்கா, இருவருக்கும் நடுவில் அந்த மனிதர் சோற்றை மட்டும் பார்த்துச் சாப்பிடப் பழகிவிட்டார்.

முதலில் பொடிசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கன்னத்துக் கீறல் ஆறிவிட்டது. ஊசியும் போட்டாயிற்று. "இனி பயமில்லை" என்றார் டாக்டர். அவர் அப்படிச் சொன்னதிலிருந்துதான் எனக்குப் பயம். அப்படியென்றால் அதுவரை பயம் இருந்தது என்றுதானே அர்த்தம்? கண்ணை மூடினால் அந்தக் காட்சிதான் வருகிறது. நீங்கள் மதில் ஓரமாக நின்று காக்கைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் இடுப்பில் பொடிசு, அவள் கையில் பிஸ்கட். கறுப்பாக ஏதோ வந்து அறைந்தது. பிஸ்கட்டைக் காணோம். கண்ணுக்குக் கீழே ரத்தம். நீங்கள் துடைத்துவிட்டு, "ஒண்ணுமில்லடி, நகம் பட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றீர்கள். அந்த 'ஒண்ணுமில்ல'தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு என் வாயில் வந்ததை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும்தான்.

அதற்காக ஒரு மனுஷி பெட்டியைக் கட்டிக்கொண்டு, வேறு ஊர் டெப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவாரா அண்ணி? உங்கள் அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். கட்டில் இருக்கிறது. கண்டக்டர் சட்டை மாட்டும் ஆணி இருக்கிறது. சட்டை இல்லை. ஓர் ஆணியைப் பார்த்து மனிதர்கள் இப்படி அதிர்ந்துபோக முடியும் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலமானால் பொடிசு வாசலில் போய் நிற்கிறாள். கையைப் பொத்தியபடி. நீங்கள் டூட்டி முடிந்து வரும்போது தெருமுனையிலிருந்தே "டிக்கெட்! டிக்கெட்!" என்று இழுத்துக் கத்துவீர்களே, அவளும் அதுவரை பொத்தி வைத்திருந்த கூழாங்கல்லையோ பொத்தானையோ கையை விரித்து உங்கள் உள்ளங்கையில் உதிர்ப்பாளே, அதற்காகத்தான். நான் கேட்டால் தர மாட்டாள். பிடுங்கப் போனால் இன்னும் இறுக்குகிறாள். நேற்று அவள் கையில் இருந்தது என் ஊக்கு. அவள் தூங்கிய பிறகுதான் எடுக்க முடிந்தது. "வீட்டையும் பஸ்ஸாக்கிட்டீங்க" என்று அன்றைக்கு உங்களிடம் நான் சிடுசிடுத்திருக்கிறேன். இருக்கட்டும்.

மதில்மேல் இருந்த உங்கள் ரொட்டித் தட்டை எடுத்துவிட்டேன். பதிலுக்குத் தோட்டத்தில் ஒரு தானியக் குடுவை தொங்கவிட்டிருக்கிறேன், சிட்டுக்குருவிகளுக்கு மட்டும். பறவை இல்லாவிட்டால் பொடிசு சாப்பிடுவதில்லை. குருவி என்றால் கொத்தினாலும் எறும்பு கடித்த மாதிரிதான். இனி இந்தத் தோட்டத்தில் பெரிய பறவைகளுக்கு இடமில்லை. உங்களை மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை.

ஜூன் மாதம் நூலகத்தில் என் விடுப்பு முடிகிறது. இதையும் சும்மாதான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 20

தம்பி மனைவி அவர்களுக்கு,

தாங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. தங்கள் மகளின் கன்னம் ஆறியது அறிந்து மகிழ்ச்சி.

இதுக்கு மேல இந்தத் 'தாங்கள்' எனக்கு வராது. நாக்கு சுளுக்கிக்கும்.

போன் ஏன் எடுக்கலன்னா, போன்ல நீ அழுவ. நீ அழுதா நான் ஓடுற பஸ்ஸைத் திருப்பிக்கிட்டு வந்துடுவேன். கடுதாசியில அழுதா மைதான் கலையும். அதனால எழுது. நானும் எழுதுறேன். ராத்திரி கடைசி வண்டி முடிஞ்சா இங்க எனக்கு வேற வேலையும் இல்ல. ஒரு ரூம்ல நாலு பொம்பளைங்க. ஒருத்தி தூக்கத்துலயே "பின்னாடி போங்க, பின்னாடி போங்க"ங்கிறா. பின்னாடி சுவரு.

அதென்ன, குருவிங்களுக்கு மட்டும் சாப்பாடு? போர்டு மாட்டிட்டியா? காக்காய்க்கு யாரு படிச்சுக் காட்டுவா? நீதான் படிச்சவ, நீயே பக்கத்துல நின்னு படி.

ஒண்ணு மட்டும் எழுதிடுறேன். அன்னைக்குக் கீறினது மொட்டைவால் இல்ல. அது வேற ஏதோ வந்தேறிக் காக்கா. மொட்டைவாலுக்கு வாலும் இல்ல, வஞ்சகமும் இல்ல. என் கையில இருந்து எடுக்கும்போதுகூட அலகு தோல்ல படாது. அவனை விரட்டாத.

ஜூன் மாசம் வேலைன்னு எழுதியிருக்க. பிள்ளையைப் பார்த்துக்க ஆள் வேணும்னா காப்பகத்துல கேளு. அங்கெல்லாம் பெத்தவங்களாப் பார்த்துத்தான் வேலைக்கு வெப்பாங்க.

ஊக்கை எல்லாம் கீழ வெக்காத. அறிவிருக்கா உனக்கு?

கண்டக்டர்


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

காப்பகத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பதில் எழுதத் தெரியாமல்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. இப்போதும் அதற்குப் பதில் எழுதவில்லை. தோட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் எனக்கு முடிகிறது.

உங்கள் காக்கைகள் என்னைப் பைத்தியமாக்குகின்றன. குடுவையில் உட்காரும் குச்சியைப் பாதியாக வெட்டினேன், பெரிய கால் நிற்க முடியாது என்று. புறா அந்தரத்தில் படபடத்துக்கொண்டே தின்றது. பழைய சி.டி.க்களைக் கட்டித் தொங்கவிட்டேன். மைனா அதில் முகம் பார்த்துக்கொள்கிறது. குடுவையை மெல்லிய கம்பியில் மாட்டினேன். மொட்டைவால் கிளையில் உட்கார்ந்து, கம்பியைக் காலால் இழுத்து இழுத்துக் குடுவையை மேலே தூக்கி, கவிழ்த்தான். ஆம், 'கவிழ்த்தான்' என்றே எழுதிவிட்டேன். அதைச் செய்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான் அண்ணி. பரீட்சையில் முதலில் எழுதி முடித்த பையன் பார்க்கிற பார்வை.

இதெல்லாம் சிரிப்புக்குத்தான். போன வியாழக்கிழமை நடந்தது சிரிப்பு இல்லை. குருவிகள் கேரேஜ் தகரத்தின் இடுக்கில் கூடு கட்டியிருந்தன. பொடிசுக்கு ஊட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு காக்கை வந்து அந்த இடுக்கில் தலையை நுழைத்து, இறகுகூட முளைக்காத ஒரு குஞ்சை எடுத்துக்கொண்டு மதில்மேல் வந்து உட்கார்ந்தது. ஒரு கால் அலகுக்கு வெளியே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. பொடிசு கைதட்டினாள். கைதட்டினாள் அண்ணி! எனக்குக் கிண்ணம் கையிலிருந்து விழுந்துவிட்டது. அது எந்தக் காக்கை என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எல்லாம் கறுப்புதான்.

அன்றைக்கே வெல்டரிடம் போனேன். குடுவையைச் சுற்றிக் கம்பி வலையில் ஒரு பெரிய கூண்டு. சின்னது உள்ளே போகலாம், பெரியது போக முடியாது. "கட்டம் எவ்வளவு வெக்கட்டும்?" என்று கேட்டார். குருவியை எங்கே போய் அளப்பது? இடுப்பில் இருந்த பொடிசின் கையை நீட்டிக் காட்டினேன். "இந்தக் கை போகிற அளவு." அவர் சிரித்துக்கொண்டே அவள் விரல்களைச் சேர்த்துப் பிடித்து ஸ்கேலை வைத்து அளந்தார். குருவியும் ஏறக்குறைய அந்த அளவுதான், இல்லையா? இன்னொரு வசதியும் இருக்கிறது. மேலே பூட்டுப் போட்ட கதவைத் திறந்து நான் குடுவையை நிரப்புகிறேன். கீழே கட்டத்தின் வழியாகப் பொடிசு தானாகவே கையை விட்டுத் தானியம் வைக்கிறாள். அவளுக்கு எட்டும் உயரத்தில்தான் இரும்புக் கால் வைக்கச் சொன்னேன். எந்த அலகும் அவள் பக்கத்தில் வர முடியாது, அவளும் பறவைகளை விட்டுப் பிரிய வேண்டாம்.

கூண்டு வந்ததிலிருந்து நிம்மதியாகத் துணி துவைக்கிறேன். மொட்டைவால் கூண்டின் மேல் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். பார்க்கட்டும்.

பொடிசு இப்போது "ஆத்த" என்கிறாள். அத்தையைத்தான் சொல்கிறாள் என்று உங்கள் தம்பி. காத்தாடியைச் சொல்கிறாள் என்று நான்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 17

பயந்தாங்கொள்ளிக்கு,

பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டதால சமாதானம் ஆயிட்டேன்னு நினைக்காத. எழுதச் சின்னதா இருக்கு, அதான்.

குஞ்சைத் தூக்கினது எனக்கும் கேட்கப் பிடிக்கல. ஆனா நீ குழம்புல போடுற கோழி மட்டும் யாரு குஞ்சு? கைதட்டினாளா? தட்டட்டும். உலகத்தைப் பார்க்கிறா.

கூண்டு நல்ல யோசனை. என் வாயில இருந்து இது வருதான்னு பார்க்காத, வருது. குழந்தை அவ கையாலயே போடுற மாதிரி செஞ்ச பாரு, அது ஒண்ணுதான் நீ இந்த வருஷம் உருப்படியா செஞ்சது.

ஆனா காக்காயைச் சும்மா சும்மா விரட்டாத. கத்தினா கத்திட்டுப் போகுது. சத்தம்னாலே உனக்கு ஆகாது. நான் கத்துறதும் ஆகாது, அதுங்க கத்துறதும் ஆகாது. ஜன்னலைச் சாத்திடுவ.

பொடிசுக்கு இங்க ஒரு செருப்பு பார்த்தேன், நடந்தா கீச்கீச்சுனு கத்தும். உனக்குப் பிடிக்காதுன்னே வாங்கப்போறேன். அவ காலைத் தாள்ல வெச்சு வரைஞ்சு அனுப்பு.

'ஆத்த'ன்னா அத்தைதான். காத்தாடியாம்.

அத்தை


ஏப்ரல் 3

அண்ணி,

போன் செய்தேன். திரும்பத் திரும்பச் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் தம்பி டெப்போவுக்குப் போன் போடுகிறேன் என்றார். வேண்டாம், யார் மூலமாகவோ உங்கள் காதில் விழக் கூடாது, நான்தான் சொல்ல வேண்டும் என்று தடுத்துவிட்டேன். முதலில் இதைப் படியுங்கள்: பொடிசுக்கு ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறாள். இப்போது தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று நான் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். ஒன்றுமில்லை. அன்றைக்கு நீங்கள் சொன்ன அதே வார்த்தையைத்தான் நானும் எழுதுகிறேன் பாருங்கள்.

இன்று காலை காக்கைகள் கத்தத் தொடங்கின. சாதாரணமாகக் கத்துவது போல இல்லை. ஆனால் எனக்கு அப்போது அது தெரியவில்லை. கூண்டைச் சுற்றி ஐந்தாறு பறந்து பறந்து கத்தின. மொட்டைவால் கூண்டின் மேலேயே உட்கார்ந்திருந்தான். நான் தட்டை எடுத்துத் தட்டினேன். போய்விட்டுத் திரும்ப வந்தான். மறுபடி தட்டினேன். பொடிசு தோட்டத்தில் மண்ணை அள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள், மறுபடியும் கன்னத்தில் கீறிவிட்டால்? காலில் இருந்த செருப்பைக் கழற்றி வீசினேன். என் வாழ்க்கையில் நான் எறிந்த எதுவும் குறியில் பட்டதில்லை. இது பட்டது. அவன் இறக்கையில். மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்தான். மற்றவை தள்ளிப் போய் மரத்தில் உட்கார்ந்து கத்தின. செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினேன்.

ஆம். சாத்தினேன். நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

துணியை அலசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாத்திய ஜன்னலையும் தாண்டி ஒரே ஒரு காக்கையின் குரல் மட்டும் அடித்தொண்டையில் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இன்றைக்கு உன்னை ஒழிக்கிறேன் என்று மறுபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

பொடிசு கூண்டருகே நின்றாள். வலது கை மணிக்கட்டு வரை கூண்டுக்குள்ளே. பொத்திய கையில் தானியம். "இந்தா... இந்தா..." என்று யாரையோ கொஞ்சிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குருவியை என்று நினைத்தேன்.

அண்ணி, உள்ளே குருவி இல்லை. பாம்பு இருந்தது.

குடுவையைச் சுற்றிக் கிடந்தது. உடம்பில் இரண்டு இடத்தில் புடைப்பு. இரண்டு குருவிகள். உள்ளே போகும்போது கட்டத்துக்குள் நுழைந்த உடம்பு, தின்ற பிறகு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. வால் மட்டும் அந்தப் பக்கம் கம்பிக்கு வெளியே தொங்கியது. மொட்டைவால் ஓர் இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தரையில் நின்றான். அந்த வாலைக் கொத்தி இழுத்தான். இழுக்க இழுக்க, தலை அவன் பக்கமே சீறிச் சீறிப் போனது. பொடிசுக்கு முதுகைக் காட்டியபடி. அவன் ஒரு நொடி விட்டாலும் அது திரும்பிவிடும். நான் ஓங்கிய செருப்போடு நிற்கிறேன்.

செருப்பை எப்படிக் கீழே வைத்தேன் என்று தெரியவில்லை. பொடிசின் பின்னால் போய் முழங்கையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வரவில்லை. விரித்தால் வெளியே வரும் கை, பொத்தியிருப்பதால் வரவில்லை. அவள் கையை அளந்துதானே கட்டம் வைத்தேன்! "விட்டுடுடி கண்ணு, கீழ போட்டுடு, அம்மா சொல்றேன்ல" என்று காதில் கெஞ்சினேன். அவள் இறுக்கினாள். தானியத்தை அம்மா பிடுங்கப்போகிறாள் என்று நினைத்துவிட்டாள். மறுபடி இழுத்தேன். கூண்டு ஆடியது. அந்தத் தலை எங்கள் பக்கம் திரும்பியது. அதன் நாக்கைப் பார்த்தேன் அண்ணி. மொட்டைவால் வாலைக் கவ்விக்கொண்டு பின்னால் தாவினான். தலை அந்தப் பக்கம் போனது.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. உங்களை மாதிரியே மூக்கால் இழுத்து, தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"டிக்கெட்! டிக்கெட்!"

கை விரிந்தது. தானியம் உதிர்ந்தது. கை வெளியே வந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, சமையலறைத் தரையில் உட்கார்ந்தவள், உங்கள் தம்பி வந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்கவில்லை. பாம்பைப் பிடிக்க வந்தவர், விஷமுள்ளதுதான் என்றார். சாதாரணமாகச் சொன்னார், மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி. பொடிசு அவ்வளவு நேரமும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிக்கெட் கேட்டது நீங்கள்தான் என்று நினைத்துவிட்டாள். வெறும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு உங்களைத் தேடினாள்.

என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை.


ஏப்ரல் 6

அம்மாடி,

உன் கடுதாசியை டெப்போ படிக்கட்டுல நின்னு படிச்சேன். 'உள்ளே குருவி இல்லை'ங்கிற இடத்துல உட்கார்ந்துட்டேன். என் வண்டி கிளம்பிப் போயிருச்சு. டிரைவர் திரும்பிப் பார்த்தா கண்டக்டரைக் காணோம். இத்தனை வருஷத்துல இப்படி ஆனதில்ல. ஆகட்டும்.

போனைப் பார்த்தேன். அன்னைக்கு முழுக்க உன் பேருதான் இருக்கு. நானும் பார்த்தேன்டி, அடிக்கும்போதே பார்த்தேன். எப்பவும் போல அழக் கூப்பிடுறான்னு கவுத்து வெச்சேன். நீ ஜன்னலைச் சாத்தினேன்னு எழுதியிருக்க. நான் என்ன செஞ்சேன்?

கூண்டு நல்ல யோசனைன்னு எழுதினதும் நான்தான். உருப்படியா செஞ்சேன்னு எழுதினதும் நான்தான். அந்த வரியை எழுதின கையை என்ன செய்ய? நேத்து டிக்கெட் கிழிக்கும்போது ஒரு குழந்தை கையை நீட்டுச்சு. எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. பக்கத்துல இருந்தவங்க தண்ணி குடுத்தாங்க.

நீ ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்க. நான் நம்ப மாட்டேன். ஒண்ணுமில்லைன்னு சொல்றவங்களை நம்பக் கூடாதுன்னு நீதான் அன்னைக்குச் சொல்லிக் குடுத்த. இப்ப போன் எடுக்கலாம்தான். எடுத்தா எனக்குப் பேச்சு வராது. ரெண்டு பேரும் அழுதுட்டு வெச்சுருவோம். அதனால நான் சொல்றதைச் செய். காலை வரைய வேண்டாம். கையை வரை. வலது கையை. அஞ்சு விரலும் எனக்குத் தெரியணும். இன்னைக்கே வரைஞ்சு இன்னைக்கே தபால்ல போடு.

மொட்டைவால் பறக்கிறானா?


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

இத்துடன் கை. நீலப் பென்சிலால் வரைந்தேன். கட்டைவிரல் பெரிதாக இருப்பது அவள் நடுவில் ஆட்டியதால், வீக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்கட்டில் கம்பி பதிந்த சிவப்புக் கோடு இருந்தது, அதுவும் மறைந்துவிட்டது. வரைந்து முடித்ததும் தாளைப் பிடுங்கிக்கொண்டு தர மாட்டேன் என்றாள். எப்படி வாங்கினேன் என்று உங்களுக்கே தெரியும்.

இன்றைக்கே போடு என்று எழுதியிருந்தீர்கள். தாமதமானதற்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். தபால் பெட்டி வரை என்னால் போக முடியவில்லை. காக்கைகள் என்னை அடிக்கின்றன.

நிஜமாகத்தான். வாசலில் தலையை நீட்டினால் போதும், ஒன்று கத்துகிறது, எல்லாம் கூடிவிடுகின்றன. பின்னாலிருந்து வந்து உச்சந்தலையில் கொத்துகின்றன. உங்கள் தம்பியை ஒன்றும் செய்வதில்லை. பொடிசைத் தொடுவதே இல்லை. அவள் மதிலோரம் நின்றால் தரையில் அவள் பக்கத்திலேயே நடக்கின்றன. எனக்கு மட்டும்தான். செருப்பால் அடித்தவளின் முகத்தை இந்தத் தெருக் காக்கைகள் எல்லாம் படித்து வைத்திருக்கின்றன. புடவை நிறம் மாற்றிப் பார்த்தேன், முக்காடு போட்டுப் பார்த்தேன், பயனில்லை. வெயிலோ இல்லையோ, கறுப்புக் குடையை விரித்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். பிள்ளைகள் "குடை அக்கா" என்கிறார்கள். நேற்று உங்கள் தம்பி ஜன்னலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் சிரிப்பு அழுகையாகிவிட்டது, முகத்தைக் கழுவப் போய்விட்டார்.

மொட்டைவால் இருக்கிறான். பறக்கிறான், கொஞ்சம் சாய்வாக. மின்கம்பத்தின் மேல் உட்கார்ந்து பார்க்கிறான், இறங்கி வருவதில்லை. உங்கள் ரொட்டித் தட்டை மறுபடி மதில்மேல் வைத்தேன். நான் வைத்ததால் யாரும் தொடவில்லை. எறும்புதான் தின்றது.

கூண்டை வெல்டரிடமே கொண்டுபோய்ப் போட்டேன். "அளவு நீங்க குடுத்ததுதாங்க" என்றார். தானியத்தை இப்போது வெட்டவெளியில் தரையில் தூவுகிறேன். புறாவும் வருகிறது, மைனாவும் வருகிறது, அவை போன பிறகு குருவிகளும் வருகின்றன. குருவிகளுக்கு நான் நினைத்த அளவுக்கு என் உதவி தேவைப்படவில்லை.

இனி நான் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் உங்களிடம், "பெத்திருந்தாத்தானே தெரியும்" என்றேன். ரத்தத்தைப் பார்த்த அதிர்ச்சியில் வாய் தவறிவிட்டது என்று எத்தனையோ தாள்களில் எழுதிப் பார்த்தேன். அத்தனையையும் கிழித்தேன். வாய் தவறவில்லை அண்ணி. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்தேன். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை, "இனிமே அவகிட்ட வராதீங்க" என்றும் சொன்னேன்.

கூண்டருகே நான் அவள் காதில் "அம்மா சொல்றேன்ல" என்று கெஞ்சியபோது கை இறுகியது. பெற்றவள் கேட்டுத் திறக்காத கை அது. உங்கள் குரலில், நீங்கள் கேட்பதாக நினைத்துத் திறந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் தம்பியிடம்கூட. தூக்கத்தில் என்னை எழுப்புவது பாம்பு இல்லை. நீங்கள் அந்த விளையாட்டை அவளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்புதான்.

ஜூன் மாதத்துக்காக இதை எழுதவில்லை. விடுப்பை நீட்டிக்கக் கேட்டுவிட்டேன். கிடைக்காவிட்டால் வேலை போகட்டும். பொடிசைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிடவில்லை. ஆணியில் சட்டை இல்லாமல் அந்த அறை நன்றாக இல்லை. வந்துவிடுங்கள்.

வர மனமில்லை என்றால், ஒரு நாள் மட்டுமாவது வந்து, இவள் நம்ம ஆள்தான் என்று அந்தக் காக்கைகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பயந்தாங்கொள்ளி


ஏப்ரல் 19

பயந்தாங்கொள்ளிக்கு,

கை வந்துச்சு. என் கைமேல வெச்சுப் பார்த்தேன். ரூம்ல இருக்கிற மூணு பேரும் வெச்சுப் பார்த்தாங்க. தூக்கத்துல கத்துறவ, "பிள்ளைக்கு டிரைவர் கை"ன்னா. சண்டை போட்டேன், கண்டக்டர் கைதான்னு. டிக்கெட் பையில மடிச்சு வெச்சிருக்கேன். சில்லறை எடுக்கும்போதெல்லாம் விரல்ல தட்டுப்படுது.

நீ வாய் தவறிருச்சுன்னு எழுதியிருந்தா இந்தக் கடுதாசி உனக்கு வந்திருக்காது. அந்த வார்த்தை எனக்கு மறக்காது, நானும் மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். அது கிடக்கட்டும் ஒரு ஓரமா. சண்டை வரும்போது நான் எடுத்துக் காட்டுவேன், நீ வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்க.

பழைய டெப்போவுக்கே மாற்றல் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். கிடைக்கிற வரைக்கும் லீவு நாள்ல வந்து போவேன். ஞாயித்துக்கிழமை காலையில முதல் வண்டி. வேலையை விடுறேன், கிடுறேன்னு எழுதாத. நூலகத்துக்குப் போ. ஷிப்டு பார்த்து நான் மாத்திக்கிறேன்.

கீச்கீச் செருப்பு வாங்கியாச்சு. கால் அளவு நீ அனுப்பவே இல்ல. கையைப் பார்த்துக் காலைக் கணக்குப் போட்டு வாங்கியிருக்கேன். பத்தலைன்னா கத்தாத.

பொடிசை வாசல்ல நிறுத்தி வை. கையில நல்லதா ஏதாவது குடுத்து வை, ஊக்கு கீக்கு வேண்டாம். தெருமுனையில இருந்து நான் கேட்கிறேன். நீ கேட்காத, அன்னைக்கு ஒரு நாள் கேட்டது போதும். இனிமே அது என் வேலை.

அப்புறம் நீயும் நானும் தபால் பெட்டி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோம். தெரு நடுவுல, மொட்டைவால் பார்க்கிற மாதிரி. குடையை வீட்டுலயே வெச்சுட்டு வா. என் கையைப் பிடிச்சுக்க. எவன் உன் தலையில கொத்துறான்னு பார்க்கிறேன்.

அத்தை